புருவம் பார்த்து அமுக்கியவர்கள்

எனக்குப் புருவங்கள் இருக்கின்றன என்ற செய்தி நாற்பதை நெருங்கும்போதுதான் எனக்கு எட்டியது. கண்ணாடியில் தினமும் பார்த்தவைதான். ஆனால் அவை என்னைக் கேட்காமல் தனியாக ஓர் உத்தியோகம் பார்த்து வந்தன. அந்த உத்தியோகத்தை நம்பித்தான் ஓசூர் ரோடு தொழிலாளிகள் பலர் என் அறைக்கு வந்து போனார்கள். இது பொம்மனஹள்ளி முழுவதற்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியாது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் நீங்கள்தான். அடிபட்டவர்களின் வேலைத்திறனை அளக்கும் இந்த வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர், எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள உங்கள் மையத்தைக் காட்ட என்னை அழைத்துப் போனீர்கள். ஏசி அறை, கம்ப்யூட்டர், திரையில் வளைகோடுகள். "சார், ஆள் முழு முயற்சி போட்டா பச்சை வரும், இழுத்துப் பிடிச்சா சிவப்பு வரும்" என்றீர்கள். ஒருவரிடம் கருவியின் கைப்பிடியைக் கொடுத்து அமுக்கச் சொல்லிக் காட்டினீர்கள். பச்சை வந்தது. நீங்கள் திரையைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன். பச்சை வந்த நொடியில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து தலையை ஆட்டினீர்கள். பிடித்தவர் உடனே பிடியை விட்டார்.

நான் சட்டென்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சமாளித்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு ஏசியும் இல்லை, திரையும் இல்லை. பொம்மனஹள்ளியில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே மாடியில் ஓர் அறை. வேலையின்போது அடிபட்டவர்களைக் கம்பெனிகள் குணமான பிறகு என்னிடம் அனுப்பும். பழைய வேலையை இவரால் செய்ய முடியுமா, எவ்வளவு தூக்க முடியும், எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று நான் அளந்து எழுதித் தர வேண்டும். வேலைத்திறன் மதிப்பீடு என்று அதற்குக் கம்பீரமான பெயர். இதற்காகச் சில வாரங்கள் வெளிநாட்டில் பயிற்சி எடுத்துவிட்டு, ஒரு தடித்த கையேட்டோடும் கைப்பிடியின் வலுவை அளக்கும் ஒரு கருவியோடும் வந்திறங்கியிருந்தேன். கருவிக்குக் கையேட்டில் நீளமான பெயர். வருகிறவர்கள் 'அமுக்கு மிஷின்' என்று சுருக்கிவிட்டார்கள்.

அளப்பதில் ஒரு தொல்லை உண்டு. எதிரில் இருப்பவர் முழு பலத்தையும் போட்டால்தான் வருகிற எண்ணுக்கு அர்த்தம். அவர் பாதி பலத்தை மடியில் வைத்துக்கொண்டால்? அதற்குக் கையேடு ஒரு வழி சொன்னது. மூன்று முறை அமுக்கச் சொல். முழு பலம் போடுகிறவனுக்கு எல்லை ஒன்றுதான், அதனால் மூன்று எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வரும். இழுத்துப் பிடிக்கிறவன் ஒவ்வொரு முறையும் குத்துமதிப்பாக நிறுத்துவான், எண்கள் சிதறும். சிதறினால் 'முயற்சி நம்பத்தகுந்ததல்ல' என்று எழுது.

இதைப் படித்ததும் எனக்குத் தலை கொஞ்சம் வீங்கிவிட்டது. மனிதனின் உள்ளத்தைப் பிடித்துப் பார்க்கும் கருவி கையில் இருக்கிறது என்று ஆகிவிட்டால் யாருக்குத்தான் வீங்காது? கல்யாண வீடுகளில் கைகுலுக்குகிறவர்களை எடை போட ஆரம்பித்தேன். ஊறுகாய் ஜாடியின் மூடி திறக்கவில்லை என்று நான் சொன்னால், "இது முழு முயற்சியா, மடியில ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று என் மனைவி கேட்பாள்.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்தது. ஆரம்பத்தில் நிறையப் பேருக்கு எண்கள் சிதறின. போகப் போகச் சிதறல் குறைந்தது. குறிப்பாக ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியிலிருந்து வருகிறவர்களுக்கு மூன்று எண்ணும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வந்தன. என் அறைக்கு வந்தால் பொய் செல்லாது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது, மக்கள் நேர்மையாகிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். கட்டியதோடு நிறுத்தாமல் ஒரு கருத்தரங்கில் பேசியும் விட்டேன். கை தட்டினார்கள்.

அந்த நாட்களில் வந்தவள்தான் ஜெயந்தி. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண். அந்தக் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் இஸ்திரி மேசையில் வேலை. ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்து, கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்து வந்திருந்தாள். கம்பெனியின் நிலை தெளிவாக இருந்தது. நான் தகுதி என்று எழுதினால் அவள் மறுநாளே முழு ஷிஃப்ட் இஸ்திரிக்குப் போகலாம். முயற்சி நம்பத்தகுந்ததல்ல என்று எழுதினால் நடிக்கிறாள் என்று கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். அதை அவள் சொல்லவில்லை. என் உதவியாளர் ஷகிலா சொன்னார்.

ஷகிலாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிவாஜி நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். வாசலில் பெயர் எழுதுவது, கட்டுப் போடுவது, வருகிறவர்களோடு பேசுவது எல்லாம் அவர். எனக்கு ஊர்ச் செய்தி, ஆள் செய்தி, பஸ் ஸ்ட்ரைக் செய்தி எல்லாம் அவர் வழியாகத்தான். என் தகர நாற்காலிக்கு எண்ணெய் போட வேண்டும் என்று வாரம் தவறாமல் நினைவுபடுத்துகிறவரும் அவர்தான்.

"சாப், முன்னாடி சாய்ஞ்சா போதும், பூனை வாலை மிதிச்ச மாதிரி கத்துது. கீழ மெடிக்கல்காரர் கேக்கறாரு, மேல யாரை என்ன பண்றீங்கன்னு."

"போட்டுடலாம் ஷகிலா" என்பேன். கருவிகளைப் பேணுவது பற்றிக் கையேட்டில் ஓர் அத்தியாயமே இருந்தது. அதில் நாற்காலி வரவில்லை.

ஜெயந்தியின் முதல் நாள் சோதனை அபாரமாக அமைந்தது. மூன்று எண்ணும் ஒரு தாயின் பிள்ளைகள் மாதிரி. உடைந்து சேர்ந்த கைக்கு இவ்வளவு வலுவா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் எண்கள் சொல்கின்றன, நான் யார் மறுக்க? இரண்டாவது முறை வேறொரு நாள் பார்த்து ஒப்பிட்டுவிட்டு முடிவு எழுதுவது வழக்கம். அடுத்த வாரம் வரச் சொன்னேன்.

அடுத்த வாரம் அவள் வருகிற அன்று காலை, மெடிக்கல் ஷாப்பின் பாதி ஏற்றிய ஷட்டரில் என் நெற்றி மோதியது. வழி தெரிந்தவன், தினமும் போகிறவன், எதையோ யோசித்துக்கொண்டு நேராகப் போய் இடித்துக்கொண்டேன். ஷகிலா ரத்தத்தைத் துடைத்து, சுளுக்கின கணுக்காலுக்குப் போடும் அகலமான பிளாஸ்டரை எடுத்து, ஒரு காதோரத்திலிருந்து மறு காதோரம் வரை நெற்றியை அழுத்தி ஒட்டிவிட்டார். இரண்டு புருவமும் அதற்குள் போய்விட்டன. கண் மட்டும் திறந்து மூடியது.

"எப்படி இருக்கேன்?"

"லேபிள் ஒட்டின பாட்டில் மாதிரி இருக்கீங்க சாப்."

ஜெயந்தி வந்தாள். என்னைப் பார்த்ததும் திகைத்தாள். காயத்துக்கு வருத்தப்படுகிறாள் என்று நினைத்து, "ஒண்ணுமில்லம்மா, சின்ன அடி" என்று ஆறுதல் சொன்னேன். அவள் முகம் தெளியவில்லை.

முதல் முறை அமுக்கினாள். என் முகத்தையே பார்த்தபடி அமுக்கினாள், அமுக்கினாள், நிறுத்தவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போனாள், கருவியின் முள் எகிறியது, "ஸ்ஸ்" என்று கையை உதறினாள். இரண்டாவது முறை பாதியிலேயே விட்டுவிட்டாள். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் எங்கோ. எண்கள் மூன்றும் மூன்று ஊரில் நின்றன.

எனக்குக் கோபம் வந்தது. கருத்தரங்கில் கைதட்டல் வாங்கியவனுக்கு வரும் கோபம். "என்னம்மா இது? போன வாரம் அவ்வளவு அழகா பண்ணினே. இன்னிக்கு என்ன நாடகம்? இதை நான் என்னன்னு எழுதறது?"

பேனாவைத் திறந்துவிட்டேன். அந்த நிமிஷம் என் மனதில் வாக்கியம் தயாராக இருந்தது. அதை எழுதியிருந்தால் இந்தக் கட்டுரையும் இருந்திருக்காது, அந்தப் பெண்ணுக்கு வேலையும் இருந்திருக்காது.

அவள் அழவில்லை. கோபப்பட்டாள்.

"நான் நாடகம் பண்ணல சார். நீங்கதான் இன்னிக்கு ஒழுங்கா பண்ணல."

"நானா?"

"உங்க மூஞ்சில ஒண்ணுமே தெரியல. எங்க நிறுத்தறதுன்னு நான் எப்படிப் பாக்கறது?"

எனக்குப் புரியவில்லை. வாசலில் ஷகிலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறார் என்பது தோள் குலுங்குவதில் தெரிந்தது.

பிறகு ஜெயந்தி சொன்னதைக் கோத்துச் சொல்கிறேன். முள் ஏறிக்கொண்டே வரும்போது, இந்த ஆளுக்கு இவ்வளவு வர வேண்டும் என்று நான் மனதில் வைத்திருக்கும் இடத்தை அது தொட்டதும், என் புருவங்கள் இரண்டும் மேலே போகுமாம். லேசாக இல்லை, நன்றாகவே. அந்த இடத்தில் நிறுத்தினால் போதும். மூன்று முறையும் அதே இடத்தில்தான் புருவம் ஏறும், எனவே மூன்று எண்ணும் ஒன்றாக வரும், சார் சந்தோஷமாக எழுதுவார். இது அவர்கள் கம்பெனி லைனில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரிந்த பாடம். புதிதாக என்னிடம் வருகிறவர்களுக்குக் கம்பெனி வாசலில், பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஏற்கனவே வந்து போனவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். சொல்லிக்கொடுப்பவள் புருவத்தை ஏற்றுவாளாம், கற்றுக்கொள்பவள் டிபன் பாக்ஸைப் பிடித்து அமுக்குவாளாம். இந்த ஊரில் எதற்குத்தான் கோச்சிங் இல்லை!

"உனக்கு இது தெரியுமா?" என்று ஷகிலாவைக் கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும் சாப். உங்களுக்கும் தெரியும், வேணும்னுதான் தூக்கறீங்கன்னு நெனச்சேன். பாவம், ஏழைங்களுக்கு ஜாடை காட்டறாருன்னு."

என் நேர்மைப் புரட்சி அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தது.

"சரி, எதுக்கு இந்த வேலை? உண்மையா அமுக்கினா என்ன?" என்று கேட்டேன். குரல் இறங்கிவிட்டிருந்தது.

ஜெயந்தி சொன்னாள்: "எங்க லைன் மல்லிகா உண்மையாத்தான் சார் அமுக்கினா. மொதல்ல ஃபுல்லா அமுக்கினா, சுருக்குனு வலிச்சுது, ரெண்டாவது வாட்டி பயந்துட்டா. நீங்க அவள நடிக்கறான்னு எழுதிட்டீங்க. அதுக்கப்புறந்தான் நாங்கல்லாம் புருவத்தப் பாக்க ஆரம்பிச்சோம்."

திறந்த பேனாவை மூடி வைத்தேன்.

மல்லிகா எனக்கு நினைவில் இருந்தாள். அவள் இப்போது எங்கே என்று கேட்டேன். மறுபடி வரச் சொல்ல முடியுமா என்றேன். "அத்திபெலேல வேற கம்பெனில சேந்துட்டா சார். அங்க நல்லாருக்கா. அங்க இந்த மாதிரி டெஸ்ட்டே கெடையாது" என்றாள் ஜெயந்தி. டெஸ்ட் இல்லாததும் நன்றாக இருப்பதும் ஒரே மூச்சில் வந்தன.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முழு பலம் போட்டு, வலி வந்து, பயந்து பின்வாங்கியவளின் எண்கள் சிதறின. என் முகத்தைப் படித்து நடித்தவர்களின் எண்கள் சேர்ந்து நின்றன. நடிப்பைப் பிடிக்க வைத்த வலையில் நடிக்காதவள் விழுந்தாள். நடித்தவர்கள் வலையைத் தாண்டிப் போய் எனக்கு வணக்கம் சொன்னார்கள். எண்கள் சிதறினால் சிதறியிருக்கின்றன என்று மட்டும்தான் அர்த்தம். ஏன் என்பதை எண்ணிடம் கேட்க முடியாது, ஆளிடம்தான் கேட்க வேண்டும். "அமுக்கும்போது என்ன நெனச்சீங்க?" என்ற ஒரு கேள்வி. அதைக் கேட்க எனக்கு அத்தனை நாள் தோன்றவில்லை, நெற்றி உடைய வேண்டியிருந்தது.

அந்த இரவு இன்னொன்றும் உறைத்தது. நான் வேலை பழகிய காலத்தில் ஒரு மூத்த சகா இருந்தார். நோயாளி கருவியைப் பிடிக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். வேலையில் ஈடுபாடே இல்லாத மனுஷன் என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம். ஏன் ஜன்னலைப் பார்க்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பார். ஜன்னலில் என்ன தெரிகிறது என்று எட்டிப் பார்த்ததோடு என் ஆராய்ச்சி முடிந்திருந்தது.

இப்போது ஜெயந்தியின் விஷயம். கையில் இருந்தது இரண்டு நாள் சோதனை. முதல் நாள் எண் என் புருவத்தின் எண். அதை நம்பி எழுதினால் அவள் முழு ஷிஃப்ட்டுக்குப் போய்க் கையை மறுபடி கெடுத்துக்கொள்வாள். இரண்டாம் நாள் எண்ணை நம்பினால் வேலை போகும். இரண்டும் தப்பு. உண்மையான அளவு எங்கோ அவள் மணிக்கட்டுக்குள் இருந்தது, அதை வெளியே எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

இதற்கிடையில் கம்பெனியின் பர்சனல் ஆபீசர் போன் செய்தார். நல்ல மனிதர்தான். ஆனால் சுருக்கமான மனிதர்.

"ஏன் டாக்ட்ரே, அந்த இஸ்திரிப் பொண்ணு விஷயம் என்னாச்சு? ஃபிட்டா, அன்ஃபிட்டா? ஒரே வார்த்தை சாகு, போதும். ஏற்றுமதி ஆர்டர் தலைமேல நிக்குது."

"ரெண்டு நாள் கொடுங்க சார்."

"உங்க மிஷின் ஒரு நிமிஷத்துல சொல்லும்னு நீங்கதானே மீட்டிங்ல சொன்னீங்க?"

நான் சொன்னதுதான். அன்று வாங்கிய கைதட்டல் விலாசம் தேடி வந்து என் கன்னத்தில் விழுந்தது.

யோசித்து ஓர் ஏற்பாடு செய்தேன். அமுக்குகிறவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். நான் பின்னால், அவர் தோளுக்குப் பக்கவாட்டில், முள்ளைப் பார்த்து உட்காருவேன். என் முகம் அவர் கண்ணில் படவே படாது. சொல்கிற வார்த்தைகளும் எல்லோருக்கும் ஒன்றே, ஒரே தொனியில். இரண்டு நாள் கழித்து ஜெயந்தியை வரவழைத்து இப்படி உட்கார வைத்து, பின்னால் என் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சோதித்தேன். மூன்று எண்ணும் மறுபடி ஒன்றாக வந்தன! புருவம் இல்லாமல், ஜாடை இல்லாமல், சுத்தமான முழு முயற்சி. ஷகிலாவைப் பார்த்து வெற்றிப் புன்னகை செய்தேன். அவர் என் நாற்காலியைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

எழுதி முடித்திருப்பேன். ஆனால் ஜெயந்தி எழுந்தபோது வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டதைப் பார்த்தேன். குளிரில் சுருட்டுவது மாதிரி இல்லை. கையில் குழந்தையை வைத்திருப்பது மாதிரி.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

"வலிக்குதுன்னு சொன்னா வேலை போயிடும்னு பயமா?"

அவள் முந்தானையை இன்னும் இறுக்கிச் சுற்றினாள். அதுவும் ஒரு பதில்தான்.

எண்கள் இவ்வளவு நல்லவையாக இருக்கும்போது இந்தக் கை ஏன் ஒளிகிறது? கீழே தெருவில், காம்பவுண்ட் சுவரை ஒட்டி, முனிராஜு என்பவரின் இஸ்திரி வண்டி நிற்கும். கரிப் பெட்டி, மலை மாதிரி துணி. சும்மா ஒரு கூடுதல் சோதனையாக இருக்கட்டும் என்று ஜெயந்தியை அங்கே அழைத்துப் போனேன். சும்மா, கூடுதல். நான் அதற்குக் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

முனிராஜுவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "எவ்ளோ நேரம் வேணா போடட்டும் சார். நான் போயி ஊட்டா முடிச்சிட்டு வர்றேன்" என்று மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பியே விட்டார். அன்றைக்கு வேலைத்திறன் மதிப்பீட்டால் முழுமையாகப் பயனடைந்தவர் அவர்தான்.

ஜெயந்தி பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். "என்ன சார் இது, கரிப்பெட்டி! எங்க கம்பெனில ஸ்டீம் பெட்டி. மேலேருந்து தொங்கும். இது அதைவிடக் கனம்" என்றாள். ஆனால் ஒரு சட்டையை விரித்ததும் ஆள் மாறிவிட்டாள். காலர், தோள், கை, முதுகு என்று பெட்டி தானாக ஓடியது. நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டையைத்தான் பார்த்தாள். மாடியில் உட்கார்ந்திருந்தவளுக்குப் பார்க்க என் முகம்தான் இருந்தது. இங்கே பார்க்க வேலை இருந்தது.

பர்சனல் ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். பொறுமை தீர்ந்து நேரிலேயே வந்துவிட்டார்.

"எங்க டாக்ட்ரே ரிப்போர்ட்?"

"அதோ, போட்டுக்கிட்டிருக்காங்க."

அவர் பார்த்தார். "நல்லாத்தானே பண்றா! ஃபிட்டுன்னு எழுதுங்க, நான் போறேன்."

"ஒரு டீ சாப்பிடுங்க."

ஒரு டீ இரண்டாயிற்று. அவர் பங்களூர் டிராஃபிக்கைத் திட்டினார், நான் ஒத்துக்கொண்டேன். அதற்குள் ஜெயந்தியின் வலது தோள் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. முழங்கை வெளியே வந்தது. மணிக்கட்டு செய்ய வேண்டிய வேலையைத் தோள் செய்துகொண்டிருந்தது. பிறகு பெட்டியைத் திருப்புவதற்கு இடது கையும் வந்து சேர்ந்தது. யாரும் சொல்லிக்கொடுத்து வருவதல்ல இது. கையே கண்டுபிடித்துக்கொள்ளும் குறுக்குவழி. போய் நாடியைத் தொட்டுப் பார்த்தேன், குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் மட்டும் ஒன்றுமே தெரியவில்லை. அந்தக் கலையில் அவள் எனக்கு நேரெதிர்.

இதையெல்லாம் ஆபீசருக்கு விளக்கினேன். தோள், முழங்கை, நாடி என்று ஒரு சொற்பொழிவே நடத்தினேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. அவர் அடுக்கி வைத்த சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கடைசிச் சட்டையை உருவினார்.

"ஐயோ, காலர் பாருங்க! மடிப்பு விழுந்திருக்கு. மொதல்ல போட்டதெல்லாம் பளிச்சுனு இருக்கு, இது பாருங்க. இப்படி ஒண்ணு போனா பையர் முழு லாட்டையும் திருப்பி அனுப்பிடுவான்!"

"அதைத்தான் சார் நான் இவ்வளவு நேரமா..."

"நீங்க தோளைச் சொன்னீங்க டாக்ட்ரே. காலர்னு சொல்லவே இல்லையே." அவர் ஜெயந்தியிடம் திரும்பினார். "ஏம்மா, மதியம் வரைக்கும் இஸ்திரி. அப்புறம் செக்கிங் டேபிள்ல உக்காந்து பீஸ் பாக்கறியா? கெலசம், அதான் வேலை, போகாது, சம்பளமும் அதேதான்."

ஜெயந்தி பெட்டியைக் கீழே வைத்தாள். முதல் முறையாக வலது மணிக்கட்டை எல்லோரும் பார்க்க இடது கையால் பிடித்துக்கொண்டாள். "பாக்கறேன் சார்" என்றாள். இத்தனை நாளும் அவள் மடியில் வைத்திருந்தது வலியைத்தான்.

நான் ரிப்போர்ட் எழுதினேன். ஒரு வார்த்தைக்குப் பதில் பல வரிகள். இவரால் இஸ்திரி வேலை செய்ய முடியும், இவ்வளவு நேரம், அதற்குப் பிறகு மணிக்கட்டுக்கு ஓய்வு தரும் வேறு வேலை, சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று. ஆபீசர் அதைப் படித்துப் பெருமூச்சு விட்டு, கடைசியில் 'காலர்' என்று ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த இடத்தில் வந்துவிட்டது. உங்கள் திரை என் கருவியைவிட நுட்பமானது, சந்தேகமில்லை. ஆனால் அதன் எதிரில் உட்காருகிறவர் உங்களையும் அளந்துகொண்டிருக்கிறார். உங்களைவிட அவருக்கு அதிகக் கவனம். உங்களுக்கு அது அன்றைய வேலையில் ஒன்று, அவருக்கு அடுத்த மாதச் சோறு. எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று காட்டினால் அதையே கையில் கொடுத்துவிட்டுப் போவார், வலியை வீட்டுக்கு எடுத்துப் போவார். எனவே முகத்தை அடக்கிக்கொள்ளுங்கள். எண்ணைப் பார்த்த கண்ணால் தோளையும் மூச்சையும் பாருங்கள். முடிந்தால் அவருடைய வேலையையே அவர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். சிவப்பு வந்தால் எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். பச்சை வந்தால் இரண்டு கேள்வி.

இவ்வளவு ஞானமும் எனக்கு அப்போதே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சில மாதம் கழித்து ஜெயந்தி மறுபரிசோதனைக்கு வந்தாள். கை நன்றாகத் தேறியிருந்தது. செக்கிங் டேபிளில் அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு நூல்பிசிர்கூடப் போகாது என்று ஆபீசரே சொல்லியிருந்தார். நான் மிகவும் சந்தோஷமாக, சுவரைப் பார்த்த இருக்கையையும் பின்னால் போட்ட என் நாற்காலியையும் காட்டி, இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போவதாகச் சொன்னேன். "பாத்தியா, அன்னிக்கு என் முகம் தெரியாம பண்ணினே, மூணும் ஒண்ணா வந்தது. அதான் உண்மையான முயற்சி."

ஜெயந்தி தயங்கினாள். ஷகிலாவைப் பார்த்தாள். ஷகிலா ஏதோ அவசர வேலை இருப்பது போல வாசலுக்குப் போனார்.

"இஸ்திரி போட்டது நெஜம் சார். அமுக்கினதுதான்..." என்று இழுத்தாள். "முள்ளு சரியான எடத்துக்கு வந்ததும் நீங்க முன்னாடி சாய்ஞ்சீங்க. நாற்காலி கிரீச்சுனுச்சு. நான் விட்டுட்டேன்."

நான் அந்த நாற்காலியிலேயே மெல்ல உட்கார்ந்தேன். அது கத்தியது. மெடிக்கல் ஷாப்புக்காரர் கீழேயிருந்து மேலே பார்த்திருப்பார்.

"ஷகிலா, அந்த எண்ணெய் எங்க இருக்கு?" என்று கூப்பிட்டேன்.

ஜெயந்தி பதறிவிட்டாள். "வேணாம் சார், இப்ப போட்டுடாதீங்க. அடுத்த வாரம் எங்க லைன்லேருந்து ரெண்டு பேர் வராங்க. நாற்காலின்னு சொல்லி அனுப்பிட்டேன்."